முந்நூற்று மூன்றாம் பக்கம்

கோபத்தோடு எழுதினால் வரிசை குழம்பிவிடும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். கோபம் வேண்டுகிறவர்கள் அங்கங்கே சேர்த்துக்கொள்ளலாம், இடம் விட்டிருக்கிறேன்.

திருவனந்தபுரத்தில், பழவங்காடியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிக் கட்டடத்தில் 'மாய, அறிவியல், மர்மப் புனைவுத் தமிழ் வாசகர் பேரவை' இயங்கிவருகிறது. இயங்கிவருகிறது என்பது அவர்களுடைய ஆண்டறிக்கையின் சொல். மாதத்தின் முதல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உறுப்பினர்கள் கூடி, அண்மையில் தாங்கள் படித்த மாயக் கதை, அறிவியல் கதை, துப்பறியும் கதைகளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் பேரவை தொடங்கப்பட்டது. நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் கொண்ட நூலகமும் உண்டு.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில் பத்மகுமார் என்கிற வங்கி ஊழியர், தான் படித்த ஒரு துப்பறியும் கதையில் கொலை செய்தது டாக்டர்தான் என்று சொல்லிவிட்டார். அதே புத்தகத்தைப் பேரவைத் தலைவர் கல்யாணராமன் அப்போது படித்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற உயர் அதிகாரி.

"நாலு வருஷமா ரசிச்சு ரசிச்சுப் படிச்சிண்டிருந்தேன். எல்லாத்தையும் கெடுத்துட்டார்" என்று மேடையிலேயே புலம்பினார். நாலு வருடத்தில் அவர் பன்னிரண்டாம் பக்கம் வரை வந்திருந்தார். பத்மகுமார் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார்.

அன்றைக்கே 'முடிவுக் காப்பு விதி' நிறைவேறியது: எந்தக் கதையின் முடிவையும் கூட்டத்தில் சொல்லக் கூடாது. நியாயம்தான். அடுத்த மாதம் செயலாளர் ஆறுமுகநயினார் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கதையின் நடுப்பகுதியைச் சொன்னால் முடிவை ஊகித்துவிடலாம், ஆகவே பின்பாதியும் கூடாது. அதற்கடுத்த மாதம் பாத்திரங்களின் பெயர்கள் போயின. ஒருவர் பெயரைச் சொன்னால் அவர் அதுவரை சாகவில்லை என்று தெரிந்துவிடுகிறதே. பிறகு கதை நடக்கும் இடம் போனது. கடைசியில் தலைப்பும் போனது.

இதற்குப் பிறகு கூட்டத்துக்கு வருகிறவர்கள் தொகை இருபதிலிருந்து எழுபதுக்கு உயர்ந்தது. பேரவை இதைச் சாதனையாக அறிக்கையில் போட்டுக்கொண்டது. காரணம் எளிது. முன்பெல்லாம் பகிர்வதற்குப் புத்தகத்தைப் படிக்க வேண்டியிருந்தது.

அப்போதும் தலைவருக்கு உறக்கம் வரவில்லை. நூலகத்தில் புத்தகம் எடுக்கிற எவராவது கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிவிட்டால்? நூலகர் நாகலக்ஷ்மியிடம் ஒரு பிளேடு கொடுக்கப்பட்டது. பத்தொன்பது நாள் உட்கார்ந்து நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களின் கடைசி அத்தியாயத்தையும் அந்த அம்மாள் அறுத்தெடுத்தார். ஒவ்வொன்றும் ஓர் உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து, இரும்பு அலமாரியில் அடுக்கப்பட்டது. ஓர் உறைக்கு ஒரு புரவலர் என்று ஆள் பிடித்தார்கள். அலமாரிக்குத் திறப்பு விழா வைத்தார்கள்.

திறப்பு விழாவில் ஆறுமுகநயினார் பேசியதை அப்படியே தருகிறேன்: "முடிவை அறியாத வாசகனே தூய வாசகன். நடுவையும் அறியாதவன் அவனினும் தூயவன். தொடக்கத்தையே அறியாதவர்கள் இந்த மன்றத்தில் நிறைந்திருக்கிறார்கள் என்பதை நான் தலைநிமிர்ந்து சொல்வேன்." கைதட்டல் நிற்க நெடுநேரம் ஆயிற்று.

இந்த நூலகத்துக்குத்தான் பூமாரி போய்ச் சேர்ந்தாள்.

பூமாரிக்குச் சங்கரன்கோவில் பக்கம். பதினோரு வருடமாகப் பழவங்காடியில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலின் அடுக்களையில் வேலை. மதியச் சாப்பாடு முடிந்து, மூன்று மணியிலிருந்து நாலரை வரை அடுக்களையில் எட்டுப் பேர் உட்கார்ந்து மாலைச் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரிப்பார்கள். பூமாரி மட்டும் உரிக்க வேண்டாம். அவள் பங்கை மற்ற ஏழு பேரும் பிரித்துக்கொள்வார்கள். அவள் எல்லோருக்கும் கேட்கும்படி புத்தகம் வாசிக்க வேண்டும். அதுதான் அங்கே ஏற்பாடு.

அவள் நூலகத்தில் எடுத்துவந்தது 'ஏழாங்கடல் காவல்காரி'. கடலுக்கடியில் ஒரு கதவு. அதைக் காவல் காக்கிறவள் மரகதி. கதவுக்குப் பின்னால் அவளுடைய தம்பி மாட்டிக்கொண்டிருக்கிறான். திறந்தால் தம்பி பிழைப்பான், ஆனால் கடல் புகுந்து ஊர் போய்விடும். திறக்காவிட்டால் ஊர் பிழைக்கும். ஆறு வாரம் வாசித்து முந்நூற்று இரண்டாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தாள்: 'மரகதி தாழ்ப்பாளில் கைவைத்தாள்.'

அதற்கடுத்து அட்டை.

"ம், வாசி" என்றாள் பாத்திரம் தேய்க்கிற ஜெபமலர். குழித்துறைக்காரி. கத்தி அந்தரத்தில் நின்றது.

"இல்லட்டி."

"என்ன இல்ல? திறந்தாளா, திறக்கலையா?"

"தாள் இல்லங்கேன். இந்தா பாரு, பிளேடு வச்சு அறுத்திருக்கு."

மலையாளியான டீ மாஸ்டர் ஷிபு புத்தகத்தை வாங்கித் தலைகீழாக உதறிப் பார்த்தான். "இது எந்து பணியா சேச்சி? ஆ பையன் உள்ள கிடந்து சாகட்டேன்னா?"

"எக்கா, நாளைக்கே போயி மிச்சத்த வாங்கிட்டு வந்துரு" என்றாள் ஜெபமலர். "எனக்கு உறக்கம் வராது. அந்தப் பய ஏழு நாளா தண்ணியில நிக்கான், இப்போ கழுத்தளவு."

மறுநாள் பூமாரி அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போனாள்.

"மேடம், இதுல கடைசித் தாளெல்லாம் காணல."

"காணாமப் போகலைம்மா. முடிவு அலமாரியில பத்திரமா இருக்கு" என்றார் நாகலக்ஷ்மி.

"அப்போ அத எடுத்துத் தாங்க."

"அப்படியெல்லாம் தூக்கிக் குடுத்துட முடியாது. படிவம் ஏழு பூர்த்தி பண்ணணும். அப்புறம் மாசக் கூட்டத்துல பகிரணும். நீ நிஜமாவே முந்நூத்தி ரெண்டு பக்கமும் படிச்சிருக்கேன்னு சபைக்குத் திருப்தி ஆகணும்."

"அவ்வளவுதானா? கதைய முழுசா சொல்லிருதேன்."

"கதையைச் சொல்லப்படாது."

"பின்னே படிச்சேன்னு எப்படித் தெரியும்?"

நாகலக்ஷ்மி மேசையில் இருந்த ரப்பர் ஸ்டாம்பை நேராக்கி வைத்தார். "தெரியலைம்மா. இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லை."

"எத?"

"முடிவை. நீதான் முதல்."

படிவம் ஏழில் கேள்விகள் இருந்தன. 'முடிவு தேவைப்படும் காரணம்' என்ற இடத்தில் பூமாரி, 'எங்கள் ஆட்கள் காத்திருக்கிறார்கள்' என்று எழுதினாள். 'முடிவு இல்லாமல் சமாளிக்க முயன்றீர்களா?' என்பதற்கு, 'முயன்றோம், முடியவில்லை' என்று எழுதினாள். 'இதற்கு முன் வேறு ஏதேனும் முடிவு தெரியுமா? ஆம் எனில் விளக்கம் தருக' என்பதற்கு என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவிட்டாள். அதற்காகப் படிவம் திருப்பப்பட்டு மறுபடி எழுதி வாங்கப்பட்டது.

ஞாயிறு வந்தது. ஐந்து மணிக்கு இறைவணக்கம். பிறகு வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றி, முன்னிலை உரை, வாழ்த்துரைகள் மூன்று. பதினோரு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஆறு நாற்பதுக்கு வாசிப்புப் பகிர்வு தொடங்கியது. ஆளுக்கு மூன்று நிமிடம். மேசைமேல் தலைவர் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பித்தளை மணி.

முதலில் பஞ்சாபகேசன் என்கிற மூத்த உறுப்பினர் எழுந்தார். "இந்த மாசம் நான் ஒரு புஸ்தகம் வாசிச்சேன். அதுல ஒருத்தர் வரார். வந்தவர் சும்மா இருக்கலை. இதுக்கு மேல நான் ஒரு வார்த்தை சொன்னாலும் சஸ்பென்ஸ் போயிடும்." உட்கார்ந்துவிட்டார். மன்றம் அதிர்ந்தது. சிறந்த வாசகர் விருது தொடர்ந்து மூன்றாம் முறையாக அவருக்கே கிடைத்தது.

அடுத்து பூமாரி. "வணக்கம். மரகதின்னு ஒருத்தி..."

மணி அடித்தது. "பேர் சொல்லப்படாது" என்றார் கல்யாணராமன்.

"சரி சார். கடலுக்கடியில..."

மணி. "இடம்."

"ஒரு பொம்பளை..."

மணி. தலைவருக்கே சற்றுக் குழப்பம். செயலாளரைப் பார்த்தார். ஆறுமுகநயினார் எழுந்தார். "பொம்பளை என்று சொல்லிவிட்டால், ஆண்களாக இருக்கக்கூடிய அத்தனை பேரையும் வாசகர் மனத்திலிருந்து அகற்றிவிடுகிறோம். பாதி மனித குலத்தை ஒரே சொல்லில் அழித்துவிட்டார் இந்தச் சகோதரி."

"சார், எனக்கு அந்தக் கடைசி அத்தியாயம் மட்டும் தந்தாப் போதும். அடுக்களையில எட்டுப் பேரு..."

"ஆர்வம் வேறு, தகுதி வேறு" என்றார் ஆறுமுகநயினார். "இங்கே அமர்ந்திருக்கும் எழுபது பேரும் முடிவு இல்லாமல் ஆறு ஆண்டுகளாக வாழவில்லையா? யாராவது முணுமுணுத்தார்களா? இந்தச் சகோதரிக்கு மட்டும் என்ன அவசரம்? படித்ததைச் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறவர் இன்னும் வாசகர் ஆகவில்லை என்பதே என் தாழ்மையான கருத்து." விண்ணப்பம் நிறுத்திவைக்கப்பட்டது.

திங்கட்கிழமை அடுக்களையில் ஜெபமலர் அரிவாள்மணையைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். "படிச்சவங்கதானா அவங்க? நான் வந்து கேக்கட்டா? ஏன் ஓய், கதைய அறுத்து ஒளிச்சு வச்சிட்டு மணியா அடிக்கியன்னு கேக்கட்டா?"

"நீ வந்து கேட்டா அந்தத் தாள் கிடைக்காதுட்டி."

"சேச்சி ஒண்ணும் பறயண்டா" என்றான் ஷிபு. "அவங்கள மாதிரி நின்னுட்டு, ஒண்ணும் சொல்லாம வந்துருங்க. கிட்டும்."

பூமாரிக்கு அது அசிங்கமாகத் தெரிந்தது. ஆறு வாரம் தொண்டை வறள வாசித்த கதையைத் தெரியாத மாதிரி நிற்பதா? ஆனால் ஒரு மாதமாக மூன்று மணிக்கு ஏழு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிக்கிறார்கள். வேறு புத்தகம் எடுத்துவந்தால், "முதல்ல அந்தப் பயலுக்கு ஒரு வழி சொல்லு" என்கிறார்கள்.

அடுத்த மாதக் கூட்டத்தில் எழுந்து தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஒரு புத்தகம் படிச்சேன். நல்லா இருந்துச்சு. வேற ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல."

எழுபது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். "ஒரே மாசத்துல எப்பேர்ப்பட்ட வளர்ச்சி!" என்று பஞ்சாபகேசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பொன்னாடை வந்தது. படித்ததற்கான நிரூபணம் கிடைத்துவிட்டதாகச் சபை ஒருமனதாகத் திருப்தி அடைந்தது.

பேரவை வரலாற்றில் முதல் முடிவு வழங்கும் நிகழ்ச்சி. நாகலக்ஷ்மி அலமாரியைத் திறந்துவிட்டார். தலைவர் தம் கையாலேயே ஓர் உறையை எடுத்தார். முதல் முடிவு என்பதால் முதன்மைப் புரவலர் பெயர் ஒட்டிய உறையை எடுப்பதே முறை என்று செயலாளர் காதில் சொல்லியிருந்தார். அரக்கு உடைந்தது. புகைப்படம் எடுத்தார்கள். பூமாரி தாள்களை வாங்கி, மைக் முன்னாலேயே முதல் வரியை வாய்விட்டு வாசித்தாள்.

"'இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். மூன்று கொலைகளையும் செய்தது பொன்முடி எஸ்டேட் மானேஜர்தான் என்று அறிந்து தோட்டத்து ஜனங்கள் வாயடைத்து நின்றார்கள்...' சார், இது என் கதை இல்ல."

"உறை மாறாது" என்றார் கல்யாணராமன்.

"சார், என் கதையில இன்ஸ்பெக்டரே கிடையாது. அது கடல். இது மலை."

"நவீன எழுத்தில் அப்படித்தான் வரும்" என்றார் ஆறுமுகநயினார். "கடலில் தொடங்கி மலையில் முடிப்பது ஓர் உத்தி."

"சரி சார், பக்கத்தப் பாருங்க. புத்தகம் முந்நூத்தி ரெண்டுல நிக்கி. இது நூத்தி எம்பத்தேழுல தொடங்குது. அடுத்த பக்கம் முந்நூத்தி மூணுல்ல வரணும்?"

ஆறுமுகநயினார் கொஞ்சம் யோசித்தார். "காலப் பயணக் கதைகளில் பக்கம் பின்னோக்கிச் செல்வது சகஜம்."

"ஒண்ணு கேக்கறேன், சாந்தமா பதில் சொல்லு" என்றார் தலைவர். "இந்தப் புஸ்தகத்தோட முடிவை நீ முன்னாடி வாசிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"பின்னே இது அது இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மன்றத்தில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. அங்கேயே தீர்மானம் எழுதப்பட்டது. தீர்மானம் ஒன்று: வழங்கப்பட்ட அத்தியாயமே மேற்படி நூலின் சரியான முடிவு. ஆதரவு எழுபது, எதிர்ப்பு இல்லை. பூமாரி கையைத் தூக்கினாள், ஆனால் விண்ணப்பதாரருக்கு வாக்கு கிடையாது. தீர்மானம் இரண்டு: வேறொரு துப்பறியும் நூலின் கொலைகாரன் யார் என்பதை ஒலிபெருக்கியில் வாசித்து அந்நூலின் மர்மத்தைக் குலைத்த பூமாரி மீது ஒழுங்கு நடவடிக்கை. இதற்கும் ஆதரவு எழுபது.

இரண்டு தீர்மானங்களுக்கும் இடையில் நான்கு நிமிடம் கழிந்திருந்தது. இரண்டுக்கும் கை தூக்கியவர்கள் அதே எழுபது பேர். எல்லோரும் பட்டம் பெற்றவர்கள்.

அப்போது நாகலக்ஷ்மி எழுந்தார். நூலகர் பேசுவது நிகழ்ச்சி நிரலில் இல்லை. "உறையெல்லாம் மாறித்தான் இருக்கும் சார். ஒவ்வொண்ணுலயும் நான் புஸ்தக நம்பர் எழுதியிருந்தேன். திறப்பு விழாவுக்கு அதுக்கு மேலேயே புரவலர் பேரை ஒட்டச் சொன்னேள். அகர வரிசையில அடுக்கச் சொன்னேள். புரவலர் பேருக்கு அகர வரிசை. இப்போ எது எந்தப் புஸ்தகத்தோட முடிவுன்னு எனக்கும் தெரியாது."

"நம்பரைத் தெரியும்படி வைத்துப் பெயரைக் கீழே ஒட்டினால் புரவலர் மனம் புண்படாதா?" என்றார் ஆறுமுகநயினார். உண்மையாகவே கேட்டார்.

பூமாரி மைக்கை விடவில்லை. "சரி. இங்க எழுவது பேரு இருக்கீங்க. யாராவது ஒராளு சொல்லுங்க. அலமாரி வேண்டாம், தாளும் வேண்டாம். மரகதி கதவத் திறந்தாளா இல்லையா?"

பஞ்சாபகேசன் பொன்னாடையின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரும் படிக்கல. படிக்காமத்தான் எனக்கு மணி அடிச்சீங்க, இல்லையா?"

மணி அடித்தது. பூமாரி கதையைத் தொடங்கினாள். மரகதி என்றாள், மணி அடித்தது. கடல் என்றாள், மணி அடித்தது. அவள் அதற்கு மேல் குரலை ஏற்றினாள். அடுக்களையில் எட்டு அடுப்பு எரியும்போது பேசிப் பழகிய குரல் அது. உப்புப் படிந்த கதவையும், அதன் மறுபக்கம் தம்பி தட்டுகிற மூன்று தட்டையும், ஊரில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொரு நாளும் ஓர் அடி ஏறுகிற தண்ணீரையும் சொன்னாள். ஒலிபெருக்கி ஸ்விட்சை யாரோ அணைத்தார்கள். மைக் போனது. அவளுக்கு அது தெரியவேயில்லை. பின்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார்கள். மணி எப்போது நின்றது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

"தாழ்ப்பாள்ல கை வச்சா" என்று சொல்லி நிறுத்தினாள்.

கல்யாணராமன் மணியைக் கையில் பிடித்தபடி மேசைக்கு மேல் குனிந்திருந்தார். "அப்புறம்?" என்றார்.

"அதத்தான் சார் ரெண்டு மாசமா உங்ககிட்ட கேக்கேன்."

முதலில் அலமாரிக்குப் போனது பஞ்சாபகேசன். அதன் பிறகு வரிசை ஏதும் இல்லை. ஆளுக்கு ஒரு கட்டு உறையை அள்ளித் தரையில் உட்கார்ந்து கிழித்தார்கள். அரக்குத் தூள் வேட்டியெல்லாம் ஒட்டியது. "முந்நூத்தி மூணு இருக்கா பாரும்!" "இங்க இருக்கு, இங்க இருக்கு... இல்லை, இதுல ராக்கெட் வருது." ஆறுமுகநயினார் தீர்மானப் புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கி, இது விதிமீறல் என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அவரும் உட்கார்ந்து ஓர் உறையைக் கிழித்தார்.

நாகலக்ஷ்மி கையில்தான் அது அகப்பட்டது. பதினெட்டுப் பக்கம், முந்நூற்று மூன்று முதல். மரகதி என்ற பெயர் மூன்றாம் வரியில் இருந்தது. தானும் வாசிக்காமல் பூமாரியிடம் நீட்டினார்.

பூமாரி அதை வாசிக்கவில்லை. மேல்வரியைக் கூடப் பார்க்கவில்லை. நான்காக மடித்துப் பையில் வைத்தாள். பொன்னாடையை நாற்காலி முதுகில் போட்டாள். மாடிப்படி இறங்கினாள்.

"ஏம்மா! முடிவைச் சொல்லிட்டுப் போ!" கல்யாணராமன் செருப்பில்லாமல் வாசல் வரை ஓடிவந்தார். "திறந்தாளா? ஒரே வார்த்தை, திறந்தாளா?"

"எனக்குத் தெரியாது சார். எங்க ஆளுங்க இல்லாம நான் வாசிக்க மாட்டேன்."

அவள் பழவங்காடிப் பக்கம் திரும்பி நடந்து, கூட்டத்தில் கலந்துவிட்டாள். எழுபது பேரும் வாசலில் நின்று அவள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் ஆளுக்கொரு முடிவு இருந்தது. எந்தக் கதையினுடையது என்று ஒருவருக்கும் தெரியாது.